பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏறவில்லையா? எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள்

"லினக்ஸ் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை" என்ற ஒரு வரிக்குள் பத்து விதமான கோளாறு ஒளிந்திருக்கலாம். பென்டிரைவை லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை என்பது ஒன்று. கோப்புகள் பாதி ஏறியதும் உறைந்துபோவது இன்னொன்று. எல்லாம் நல்லபடியாக முடிந்து, ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் விட்டுவிட்டுத் தெரிவது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல், மின்ட் ஏறவில்லை என்றால் உபுண்டு, அதுவும் இல்லை என்றால் ஃபெடோரா என்று மாற்றிக்கொண்டே போவதுதான் வழக்கமாக நடக்கிறது. சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கில் எந்த டிஸ்ட்ரோவும், அதாவது எந்த லினக்ஸ் ரகமும், ஏறாது.

2006 முதல் 2015 வரை விற்ற லேப்டாப்களை வைத்து இங்கே எழுதியிருக்கிறோம்: கோர் 2 டுயோ, பென்டியம் டுயல் கோர், ஆட்டம் நெட்புக், முதல் நான்கைந்து தலைமுறை ஐ3, ஐ5. கட்டளைகளைத் தமிழில் எழுதியிருந்தாலும் தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) மூன்றையும் பென்டிரைவில் ஒன்றையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. லேப்டாப்பில் வேண்டிய படமோ ஆவணமோ இருந்தால் எல்லாவற்றுக்கும் முன் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

மெஷினுக்கு ஏற்ற டிஸ்ட்ரோதானா?

விண்டோஸில் "32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்று காட்டுவதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது போட்டிருக்கும் விண்டோஸைப் பற்றியது. 64 பிட் பிராசஸரில் 32 பிட் விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்த லேப்டாப்கள் ஏராளம். பிராசஸரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, இன்டெல் தளத்தில் அதன் பக்கத்தில் "இன்டெல் 64" இருக்கிறதா என்று பாருங்கள். 2006ஆம் ஆண்டின் கோர் டுயோ டி2300, 2008 நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 இரண்டும் 32 பிட் மட்டுமே. இவற்றில் 64 பிட் ஐஎஸ்ஓவை (டிஸ்ட்ரோவாக டவுன்லோடு செய்யும் கோப்பு) ஏற்றினால், எக்ஸ்86-64 சிபியு வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்ற வரியோடு அங்கேயே நின்றுவிடும்.

32 பிட்டுக்கு இப்போது வழி குறுகிவிட்டது. உபுண்டு 2017லேயே 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை நிறுத்திவிட்டது. லினக்ஸ் மின்ட் 20இலிருந்து முதன்மைப் பதிப்பு 64 பிட் மட்டும். டெபியனில் 12ஆம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டாலர் முடிந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 13இல் இல்லை. ஆகவே டெபியன் 12, இல்லாவிட்டால் ஆன்டிஎக்ஸ். பழைய பென்டியம் எம் லேப்டாப்பில் "பிஏஇ" (4 ஜிபிக்கு மேல் ரேமை எட்ட உதவும் சிபியு வசதி) இல்லை என்று பிழை வந்தால் ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பே பொருத்தம். அதன் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, பிஏஇ கேட்காது.

64 பிட் என்பதாலேயே எல்லாம் ஏறிவிடும் என்றும் இல்லை. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, அதை ஒட்டி வரும் ராக்கி, அல்மா 9 ஆகியவை எக்ஸ்86-64-வி2 என்ற மட்டத்தைக் கேட்கின்றன. கோர் 2 டுயோவில் அதற்கு வேண்டிய எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் கிடையாது. ஆரம்பத்திலேயே ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) பிழை காட்டி நின்றுவிடும். கெர்னல் ஆப்ஷன் எதைச் சேர்த்தாலும் பயனில்லை. டெபியனோ மின்ட்டோ போடுங்கள்.

ரேம் விஷயத்தில் மின்ட் தரப்பு சொல்வது குறைந்தது 2 ஜிபி, வசதிக்கு 4 ஜிபி. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் முதலில் வந்தவை பலவும் 2 ஜிபி ரகம். அவற்றில் மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏறும். கனமான சினமன் பதிப்பு ஏறினாலும் பிரவுசர் திறந்ததும் திணறும்.

பென்டிரைவ்

பாதிக் கோளாறு இங்கேயே முடிந்துவிடும், அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, சரிபாருங்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்ஹெச்ஏ மெனுவில் எஸ்ஹெச்ஏ-256ஐத் தேர்ந்தால் 64 எழுத்துகள் கொண்ட எண் வரும். டிஸ்ட்ரோ தளத்தில் போட்டிருப்பதோடு முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை ஒப்பிட்டாலே கோப்பு வழியில் கெட்டதா என்று தெரிந்துவிடும்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில், பார்ட்டிஷன் ஸ்கீமில் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) எம்பிஆர் வையுங்கள். பழைய பயாஸுக்கு அதுதான் புரியும். ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ மோட். அது பூட் ஆகவில்லை என்றால் டிடி மோடில் மறுபடி எழுதுங்கள். டிடி மோடில் எழுதிய பென்டிரைவை விண்டோஸால் சரியாகப் படிக்க முடியாமல், ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பென்டிரைவ் கெட்டுப்போகவில்லை.

8 ஜிபி யூஎஸ்பி 2.0 பென்டிரைவ் போதும். பழைய பயாஸில் பெரிய கொள்ளளவு பென்டிரைவ்களும் நீலநிற யூஎஸ்பி 3 போர்ட்டும் தகராறு செய்வதுண்டு. லைவ் சிஸ்டத்தை (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி "இனிட்ராம்எஃப்எஸ்" என்ற கறுப்பு ப்ராம்ப்டில் விழுந்தால், முதல் வேலையாகப் பென்டிரைவைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். விலை மலிவாக நடைபாதையில் வாங்கிய 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ்கள் பலவற்றில் உண்மைக் கொள்ளளவு அதில் கால்வாசிகூட இருக்காது. சந்தேகம் இருந்தால் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

பென்டிரைவிலிருந்து பூட் ஆகவே இல்லை

பென்டிரைவைச் செருகிய பிறகுதான் பவர் பட்டனை அழுத்த வேண்டும். பூட் மெனுவுக்கு ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9; டெல், திங்க்பேட், டோஷிபா லேப்டாப்களில் எஃப்12; அசூஸில் எஸ்கேப். லெனோவோவின் ஐடியாபேட் ரகங்களில் பவர் பட்டன் பக்கத்திலோ ஓரத்திலோ வளைந்த அம்புக்குறி போட்ட சின்ன நோவோ பட்டன் இருக்கும். லேப்டாப் அணைந்திருக்கும்போது அதை அழுத்த வேண்டும். ஏசரில் எஃப்12 வேலை செய்ய, எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் "எஃப்12 பூட் மெனு" என்பதை எனேபிள் செய்திருக்க வேண்டும். எந்தக் கீயும் பிடிபடவில்லை என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக இருக்கலாம். ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

2010க்கு முந்தைய சில பயாஸ்களில் பென்டிரைவ், யூஎஸ்பி வரிசையில் வராது. "ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்" என்ற உள் பட்டியலைத் திறந்தால் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்குக் கீழே பென்டிரைவின் பெயர் இருக்கும். அதைப் பிளஸ் கீயால் மேலே ஏற்ற வேண்டும். இது தெரியாமல் பென்டிரைவைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

விண்டோஸ் 8 காலத்துக்குப் பிந்தைய லேப்டாப் என்றால் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட பூட்லோடரை, அதாவது சிஸ்டத்தைத் தொடங்கும் நிரலை, மட்டும் அனுமதிக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். மின்ட், உபுண்டு, டெபியன் எல்லாம் செக்யூர் பூட்டோடு ஓடக்கூடியவைதான். ஆனால் அவற்றின் பூட்லோடருக்கு மைக்ரோசாஃப்ட் 2011இல் வெளியிட்ட சான்றிதழ் 2026 ஜூனோடு காலாவதி. புதிய சான்றிதழில் கையெழுத்திட்ட பூட்லோடரை, பயாஸ் அப்டேட் நின்றுபோன பழைய லேப்டாப் ஏற்காது. ஏசரில் செக்யூர் பூட் வரி மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வையுங்கள். வரி உயிர் பெறும். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். மறந்துபோனால் மதர்போர்டு வரை போக வேண்டிய தலைவலி.

லெகசியா (பழைய பயாஸ் முறை), யூஇஎஃப்ஐயா (அதற்குப் பின் வந்த புது முறை) என்பதை இங்கேயே தீர்மானியுங்கள். விண்டோஸை வைத்துக்கொள்வதாக இருந்தால், விண்டோஸ் எந்த மோடில் இருக்கிறதோ அதிலேயே லினக்ஸும் ஏற வேண்டும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் "பயாஸ் மோட்" என்ற வரி அதைச் சொல்லும். விண்டோஸ் வேண்டாம், லேப்டாப்பும் 2012க்கு முந்தையது என்றால் யோசிக்காமல் லெகசி. அந்த ஆண்டுகளின் யூஇஎஃப்ஐ அரைவேக்காடு.

இன்னொரு விசித்திர ரகம் உண்டு: ஆட்டம் இசட்3735எஃப் போன்ற பே டிரெயில் சிப், 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு கொண்ட சின்ன லேப்டாப்கள். சிபியு 64 பிட், யூஇஎஃப்ஐயோ 32 பிட். பென்டிரைவைத் திறந்து இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் இருக்கும் பூட் ஃபோல்டரைப் பாருங்கள். "பூட்எக்ஸ்64" மட்டும் இருந்து "பூட்ஐஏ32" என்ற கோப்பு இல்லையென்றால், அந்த ஐஎஸ்ஓ இந்த லேப்டாப்பில் பூட் மெனுவிலேயே வராது. அந்தக் கோப்போடு வரும் வேறு ஐஎஸ்ஓவைத் தேடுவதே சுருக்கமான வழி.

மெனு வந்தது, பிறகு கறுப்புத் திரை

கிரப் (லினக்ஸின் பூட்லோடர்) மெனுவில் முதல் வரியின் மேல் நின்று "இ" கீயை அழுத்துங்கள். "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசிப் பக்கம் "கொயட் ஸ்ப்ளாஷ்" இருக்கும். முதல் முறை அந்த இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள். இப்போது பூட் ஆகும்போது வரிகள் ஓடும். எந்த வரியில் நிற்கிறதோ அதை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரிகளில் நூவோ, ரேடியான், ஐ915 என்ற பெயர்கள் தெரிந்தால் கிராஃபிக்ஸ் பிரச்சினை. மறுபடி அதே வரிக்குப் போய் "நோமோட்செட்" சேருங்கள். நோ, மோட், செட் மூன்றும் ஒட்டிய ஒரே சொல். மின்ட்டில் கம்பாட்டிபிலிட்டி மோட், உபுண்டுவில் சேஃப் கிராஃபிக்ஸ் என்று மெனுவிலேயே இதற்கு வழி இருக்கிறது. திரை கொஞ்சம் பெரிதாக, கரடுமுரடாகத் தெரியும்; இன்ஸ்டால் செய்ய அது போதும். இன்ஸ்டால் முடிந்த பிறகு நோமோட்செட் இல்லாமல் பூட் ஆகிறதா என்று ஒரு முறை பாருங்கள். அதை நிரந்தரமாக வைத்தால் வீடியோ எல்லாம் சிபியு தலையில் விழுந்து, பழைய மெஷின் கொதிக்கும்.

திரை கறுப்பாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றால், ஃபோன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக டெஸ்க்டாப் தெரிந்தால் பேக்லைட் மட்டும் அணைந்திருக்கிறது. பிரைட்னஸ் கீயை ஏற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விஜிஏ வழியாக வெளி மானிட்டரில் போட்டு இன்ஸ்டாலை முடித்துவிட்டுப் பிறகு திரையைக் கவனிக்கலாம்.

லினக்ஸ் வருவதற்கு முன்பே, பிராண்ட் லோகோவிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் மென்பொருளில் தேடிப் பயனில்லை. 2007, 2008 வாக்கில் வந்த என்விடியா 8400எம், 8600எம் சிப்கள் வெப்பத்தில் உள் இணைப்பு விட்டுப்போவதில் பேர்போனவை; 2008 ஜூலையில் என்விடியாவே அதற்காகப் பெருந்தொகை ஒதுக்கியது. ஹீட் கன் காட்டி "ரீபால்" செய்து தருகிறோம் என்பார்கள். சில மாதம் ஓடும். காசுக்குக் கேடு. 2011, 2012 நெட்புக்குகளின் இன்டெல் ஜிஎம்ஏ 3600 வேறு கதை: சிப் நன்றாகவே இருக்கும், லினக்ஸில் சரியான டிரைவர்தான் இல்லை.

பே டிரெயில் லேப்டாப் பூட் ஆகி, சிறிது நேரத்தில் மவுஸோடு சேர்ந்து உறைந்தால், அது சிபியு உறக்க நிலையின் பழைய கோளாறு. அதே "லினக்ஸ்" வரியில் "இன்டெல்", அண்டர்ஸ்கோர், "ஐடில்", புள்ளி, "மேக்ஸ்", அண்டர்ஸ்கோர், "சிஸ்டேட்", சமக்குறி, 1 என இடைவெளியின்றித் தட்டுங்கள். சிஸ்டேட் என்பது சி என்ற எழுத்தோடு ஸ்டேட். பேட்டரி சற்று சீக்கிரம் தீரும், ஆனால் உறையாது. "ஏசிபிஐ=ஆஃப்" என்று எல்லாவற்றுக்கும் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது ஃபேன், பேட்டரி, பவர் பட்டன் எல்லாவற்றையும் லினக்ஸின் கையிலிருந்து பிடுங்கிவிடும். வேறு எதுவும் பலிக்காதபோது மட்டும்.

பாதியில் நின்றால்

இதுதான் பழைய லேப்டாப்பின் தனி வியாதி. இதற்கு ஊகம் வேண்டாம், கெர்னலே சொல்லிவிடும். லைவ் டெஸ்க்டாப்பில் டெர்மினலைத் திறந்து, "சுடோ" தட்டி, இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, மறுபடி இடைவெளி விட்டு "-டபிள்யூ" என்ற ஒற்றை எழுத்தைக் கொடுங்கள். அந்த ஜன்னலை ஓரமாக வைத்துவிட்டு இன்ஸ்டாலரைத் தொடங்குங்கள். உறையும் நேரத்தில் அதில் வந்து விழும் வரிகளே தீர்ப்பு.

"ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்" என்றால், பென்டிரைவிலிருந்து படிக்கும் பக்கம் கோளாறு: கெட்ட ஐஎஸ்ஓ, கெட்ட பென்டிரைவ் அல்லது கெட்ட ரேம். "ஐ/ஓ எரர்" என்று வந்தால் கூடவே வரும் டிவைஸ் பெயரைப் பாருங்கள். அது எஸ்டிஏவா, எஸ்டிபியா? உள் டிஸ்க்கின் பெயர் வந்தால் டிஸ்க், பென்டிரைவின் பெயர் வந்தால் பென்டிரைவ். எது எது என்று டிஸ்க்ஸ் செயலியில் அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம். "அவுட் ஆஃப் மெமரி" என்றால் ரேம் போதவில்லை. வெப்ப அளவு எல்லையைத் தாண்டியது, சிபியு வேகம் குறைக்கப்பட்டது என்ற பொருளில் வரிகள் வந்தால் சூடு. இன்ஸ்டாலரின் பெட்டியில் வரும் "எர்னோ 5" பிழை இவற்றில் எது என்று பிரித்துச் சொல்லாது. இந்த ஜன்னல் சொல்லும்.

டிஸ்க் மேல் சந்தேகம் வந்தால் அதே டிஸ்க்ஸ் செயலியில் உள் டிஸ்க்கைத் தேர்ந்து, மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் டேட்டாவை (டிஸ்க் தன் நிலை பற்றி வைத்திருக்கும் பதிவு) திறங்கள். மேலே பச்சையாக "டிஸ்க் ஓகே" என்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பட்டியலின் ஐடி பத்தியில் பார்க்க வேண்டியவை நான்கு எண்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 என்பது சரிசெய்யவே முடியாதவை. இவற்றின் ரா மதிப்பு பூச்சியமாக இருக்க வேண்டும். 197இல் எட்டோ பத்தோ இருந்தாலே இன்ஸ்டாலர் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நிமிடக் கணக்கில் தொங்கும். 5 மட்டும் சிறிய எண்ணாக, மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் தற்காலிகமாக ஓட்டலாம். நாளுக்கு நாள் ஏறினால் கழற்றிவிடுங்கள்.

நான்காவது எண் 199 தனி. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த எண்ணிக்கை. டிஸ்க் நன்றாகவே இருக்கலாம், கனெக்டரோ கேபிளோ கெட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள். 2012ஆம் ஆண்டின் 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இந்த ரிப்பன் கேபிள் போவது சகஜம். புது எஸ்எஸ்டி போட்ட பிறகும் இன்ஸ்டால் பாதியில் நின்றால் கேபிளை மாற்றுங்கள்.

புது டிஸ்க் என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 120 அல்லது 240 ஜிபி. எஸ்எஸ்டியின் தடிமன் 7 மிமீ. பழைய லேப்டாப்பின் இடம் 9.5 மிமீ. 2.5 மிமீ பிளாஸ்டிக் சட்டத்தை எஸ்எஸ்டியோடு சேர்த்து வைக்காவிட்டால் ஆடி ஆடி கனெக்டர் விலகும்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ். யூஇஎஃப்ஐ மோடில் ஓட 6ஆம் பதிப்போ அதற்கு மேலோ வேண்டும். குறைந்தது ஒரு முழுச் சுற்று. முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேம் தேறாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். கழற்றும் முன் பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். தங்கநிறப் பற்களில் கறை படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துச் செருகுங்கள். பல கேஸ்கள் இதிலேயே முடியும். மெம்டெஸ்ட் கைவசம் இல்லையா? அதே லேப்டாப்பில், அதே ஐஎஸ்ஓ கோப்புக்கு எஸ்ஹெச்ஏ256 எண்ணை மூன்று முறை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் முதல் குற்றவாளி ரேம்தான்.

எந்த வரியும் வராமல், விளக்கை அணைத்த மாதிரி லேப்டாப் பட்டென்று அணைந்தால் சூடு அல்லது அடாப்டர். சிபியு 100 டிகிரியை நெருங்கும்போது மெஷின் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். மெத்தை மேல் வைத்து இன்ஸ்டால் செய்யாதீர்கள். அடியைத் திறந்து, ஃபேனுக்கும் காப்பர் துடுப்புகளுக்கும் நடுவே கம்பளி போல் படிந்திருக்கும் தூசியை எடுங்கள். வெளியிலிருந்து ஊதினால் அது இன்னும் உள்ளே போய் அடைக்கும். சிபியு மேல் இருக்கும் பத்து வருடத்து வெப்பப் பேஸ்ட் காய்ந்து பொடியாக இருக்கும். துடைத்துவிட்டு ஓர் அரிசி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். ஆனால் பக்கத்துச் சிப்புகளின் மேல் தடித்த பேட் இருந்தால், அந்த இடத்தில் பேஸ்ட் வைக்கக் கூடாது. பேஸ்ட்டால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. அடாப்டரில் எழுதியிருக்கும் வாட் அளவு, லேப்டாப்பின் அடியில் போட்டிருப்பதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. டெல்லில் அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்று பூட் ஆகும்போதே எச்சரித்தால், சிபியு வேகமும் குறைந்து இன்ஸ்டால் ஊர்ந்துகொண்டிருக்கும்.

ரேம் போதாமல் நிற்பதற்கு எளிய வழி இருக்கிறது. இன்ஸ்டாலருக்கு முன் ஜிபார்ட்டட் (டிஸ்க்கைப் பிரிக்கும் செயலி) திறந்து 2 ஜிபிக்கு லினக்ஸ்-ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) பார்ட்டிஷன் உருவாக்கி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்வாப்ஆன்" கொடுங்கள். பிறகு பிரவுசர் எதையும் திறக்காமல் இன்ஸ்டாலரை மட்டும் ஓட்டுங்கள்.

இடம் இருக்கிறது, ஆனால் "பயன்படுத்த முடியாது" என்கிறது

விண்டோஸ் 7 காலத்து ஹெச்பி லேப்டாப்களில் இதைப் பார்க்கலாம். சிஸ்டம், சி டிரைவ், ரெக்கவரி, ஹெச்பி டூல்ஸ் என நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களோடு வந்திருக்கும். எம்பிஆரில் நான்குதான் எல்லை. சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி செய்து கொடுத்தாலும் இன்ஸ்டாலர் அதைத் தொடாது. ஹெச்பி டூல்ஸ் சின்னது. அதை நகலெடுத்துவிட்டு அழித்து, காலி இடத்தில் ஒரு எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் போட்டு, அதற்குள் லினக்ஸுக்கு லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் அமையுங்கள். லினக்ஸ் லாஜிக்கலிலிருந்தே தாராளமாக பூட் ஆகும். ஐந்தாவது பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் உருவாக்க மட்டும் முயலாதீர்கள். அது முழு டிஸ்க்கையும் டைனமிக் ஆக்கிவிடும். இன்ஸ்டாலருக்கு அந்த அமைப்பு ஆகாது.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோட் பாருங்கள். 2012, 2013 அல்ட்ராபுக்குகளில் ஹார்ட் டிஸ்க்கோடு 24 அல்லது 32 ஜிபி எஸ்எஸ்டி கேஷ் சேர்த்து ரெய்ட் மோடில் வைத்திருப்பார்கள். ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸும் வேண்டும் என்றால் மாற்றிய பின் அதை முதல் தடவை சேஃப் மோடில் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நீலத்திரை.

எல்லாம் முடிந்தது, கிரப் மட்டும் ஏறவில்லை

"கிரப்-இன்ஸ்டால் எஸ்டிஏ ஃபெயில்டு" என்று கடைசி நிமிடத்தில் வருவதுதான் அதிகம் எரிச்சலூட்டுவது. காரணம் பெரும்பாலும் மோட் குழப்பம். லைவ் டெஸ்க்டாப்பில் ஃபைல் மேனேஜரில் ஃபைல் சிஸ்டத்துக்குள் "சிஸ்", அதற்குள் "ஃபர்ம்வேர்" ஃபோல்டரைத் திறங்கள். உள்ளே "இஎஃப்ஐ" என்ற ஃபோல்டர் இருந்தால் நீங்கள் யூஇஎஃப்ஐ மோடில் இருக்கிறீர்கள். அப்படியென்றால் டிஸ்க்கில் 300 முதல் 512 எம்பி வரை ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று, ஜிபார்ட்டட்டில் "பூட்", "இஎஸ்பி" கொடிகளோடு இருக்க வேண்டும். இஎஃப்ஐ ஃபோல்டர் இல்லை, டிஸ்க்கோ ஜிபிடி (எம்பிஆருக்குப் பின் வந்த பார்ட்டிஷன் முறை) என்றால், 1 எம்பி அளவில் ஃபார்மேட் செய்யாத பார்ட்டிஷன் ஒன்று போட்டு "பயாஸ் கிரப்" கொடி வையுங்கள். லெகசியும் எம்பிஆரும் சேர்ந்தால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அந்தக் காலத்து மெஷினுக்கு லெகசியைச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கிரப் எந்த டிஸ்க்கில் ஏறுகிறது என்பதையும் பாருங்கள். சில லேப்டாப்களில் பென்டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும். கிரப் அதில் போய் உட்கார்ந்துகொண்டு, பென்டிரைவ் இருந்தால் பூட் ஆகும், எடுத்தால் ஆகாது என்ற வேடிக்கை நடக்கும்.

ஹெச்பியின் 2012-2015 யூஇஎஃப்ஐகளில் சில, கிரப் பதிந்த வரியை மதிக்காமல் நேராக விண்டோஸுக்கோ, "பூட் டிவைஸ் இல்லை" என்ற செய்திக்கோ போய்விடும். இஎஸ்பி பார்ட்டிஷனில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் "பூட்" என்ற ஃபோல்டரில் "பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ" என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் 64 பிட் யூஇஎஃப்ஐ பெரும்பாலும் அதை எடுக்கும். செக்யூர் பூட் அணைந்திருக்கும் நிலையில், "உபுண்டு" ஃபோல்டரில் உள்ள "கிரப்எக்ஸ்64.இஎஃப்ஐ"யை அங்கே அந்தப் பெயரில் நகலெடுங்கள். மின்ட்டிலும் ஃபோல்டரின் பெயர் உபுண்டுதான், தேடிக் குழம்ப வேண்டாம். டெபியனில் இன்ஸ்டாலரே "ரிமூவபிள் மீடியா பாத்" என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுங்கள். முடிந்துபோன இன்ஸ்டாலைச் சரிசெய்யவும் டெபியன் பென்டிரைவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெஸ்க்யூ மோட் இருக்கிறது. ரூட் பார்ட்டிஷனைக் காட்டினால் கிரப்பை மறுபடி பதித்துத் தரும்.

"டிஸ்க்குக்கு வெளியே படிக்க முயற்சி" என்ற பொருளில் கிரப் பிழை காட்டினால், பயாஸால் டிஸ்க்கின் பின்பகுதியை எட்ட முடியவில்லை. மிகப் பழைய பயாஸ்களுக்கு 137 ஜிபிதான் எல்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் 1 ஜிபிக்குத் தனி "/பூட்" பார்ட்டிஷன் வைத்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். பூட் ஆகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் 90 விநாடி "ஸ்டார்ட் ஜாப்" என்று காத்திருக்கிறது என்றால், எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல்) பழைய ஸ்வாப்பின் யூயூஐடி, அதாவது அடையாள எண், கிடக்கிறது. அந்த வரியின் முன் ஒரு ஹாஷ் குறி போதும்.

தேதியும் வைஃபையும்

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு முறை பவர் போகும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகும். பயாஸில் நீங்கள் மாற்றிய லெகசி, ஏஹெச்சிஐ எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும். நேற்று பூட் ஆனது இன்று ஆகவில்லை என்பதற்கு இது காரணமாக இருக்கலாம். தேதி தப்பாக இருந்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லி நெட் வழி இன்ஸ்டாலரும் அப்டேட்டும் மறுக்கும். பயாஸில் தேதியைச் சரிசெய்துவிட்டுத் தொடருங்கள். பேட்டரி வாங்கும்போது வயர் வைத்த ரகமா, வெறும் காசு ரகமா என்று திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிராட்காம் வைஃபை கார்டு, அதாவது பிசிஎம்4312, 4313, 43142 போன்றவை, இன்ஸ்டால் நேரத்தில் பல டிஸ்ட்ரோக்களில் உயிர் பெறாது. ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் லினக்ஸ் அதை வயர் நெட் போல எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரில் வைஃபை டிரைவரை இறக்கலாம்.

இன்ஸ்டாலரோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்றால்

யூஎஸ்பி பூட்டே வராத பயாஸ், இன்ஸ்டாலர் தாங்காத 1 ஜிபி ரேம் போன்றவற்றுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லேப்டாப்பில் மாட்டி, அங்கே இன்ஸ்டால் செய்து, திருப்பிக் கொண்டுவந்து மாட்டுங்கள். விண்டோஸ் போல லினக்ஸ் ஒரு மெஷினுக்கென்று கட்டப்படுவதில்லை. டிரைவர்கள் கெர்னலோடு இருப்பதால் புது இடத்தில் தானே பிடித்துக்கொள்ளும். மூன்று விஷயம் கவனம். உதவி லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதை மட்டும் வைத்திருங்கள், இல்லாவிட்டால் கிரப் அதில் போய்விடும். போகும் இடம் 32 பிட் என்றால் 32 பிட் ஐஎஸ்ஓவையே போடுங்கள். பழைய மெஷின் லெகசி என்றால் உதவி லேப்டாப்பையும் லெகசியில் பூட் செய்து, டிஸ்க்கை எம்பிஆராக அமைத்து ஏற்றுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் மேலே சொன்ன பூட்எக்ஸ்64 நகலை மறக்காமல் வையுங்கள், ஏனென்றால் கிரப் பதிந்த வரி உதவி லேப்டாப்பின் நினைவிலேயே தங்கிவிடும், டிஸ்க்கோடு வராது.